மெக்வயர்ஸ் அல்டிமேட் வரிசை: காம்பவுண்ட், பாலிஷ், வேக்ஸ் – மூன்றில் எது காசுக்குத் தகும்?

கறுப்பு வண்டியை உச்சி வெயிலில் நிறுத்தி, பானெட்டில் சூரியன் தெரியும் இடத்தைப் பாருங்கள். அதைச் சுற்றி சிலந்தி வலை பின்னியதுபோல் வட்டம் வட்டமாகக் கோடுகள் தெரியும். யாரோ வட்டமாகத் தேய்த்ததால் வந்த கோடுகள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் கீறல்கள் எல்லாத் திசையிலும் தாறுமாறாகத்தான் கிடக்கின்றன. அவற்றில் வெளிச்சத்தைக் குறுக்கே வாங்கும் கீறல்கள் மட்டும் மின்னுவதால் கண்ணுக்கு வட்டமாகத் தெரிகிறது. இதற்குப் பெயர்தான் ஸ்வர்ல் மார்க். வண்டி 'மங்கிப்போச்சு' என்று சொல்வதில் பெரும்பங்கு இதுதான். நிறம் எங்கும் போய்விடவில்லை. நிறத்துக்கு மேலே நிறமில்லாத கடைசி அடுக்காக இருக்கும் கிளியர் கோட் ஆயிரக்கணக்கான நுண்கீறல்களால் வெளிச்சத்தைச் சிதறடிக்கிறது, அவ்வளவுதான்.

இதைப் புரிந்துகொண்டால், கார் பராமரிப்புப் பொருள்கள் செய்யும் மெக்வயர்ஸின் மூன்று பாட்டில்களில் எது என்ன செய்யும் என்பது தானாக விளங்கிவிடும். அல்டிமேட் காம்பவுண்ட் கீறல் உள்ள மேற்பரப்பைச் சீவி மட்டமாக்குகிறது. அல்டிமேட் பாலிஷ் காம்பவுண்ட் விட்டுச்சென்ற மெல்லிய மங்கலை எடுக்கிறது. அல்டிமேட் லிக்விட் வேக்ஸ் இரண்டையும் செய்யாது, மேலே ஒரு படலமாக உட்கார்ந்து காக்கிறது. கீறல் நிறைந்த வண்டியில் நேரடியாக வேக்ஸ் போட்டுவிட்டு 'பளபளப்பே வரலையே' என்று குறைசொல்வது, வெடித்த சுவரைப் பூசாமல் பெயின்ட் அடித்த கதை.

நம் முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். மூன்றில் காம்பவுண்ட் கொடுத்த காசுக்கு மேலேயே வேலை செய்யும். பாலிஷ் கறுப்பு, கருநீலம், அடர் சிவப்பு வண்டிகளுக்கு அவசியம். வெள்ளை, சில்வர் வண்டிகளுக்கு அலமாரியில்தான் உட்கார்ந்திருக்கும். வேக்ஸ் நல்ல பொருள், போடுவதற்கு இதைவிடச் சுலபமானது கிடைப்பது கடினம். ஆனால் ஆயுள்தான் நோக்கம் என்றால் வேறு பாட்டில் இருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

மெக்வயர்ஸ் 1901-இல் அமெரிக்காவின் இண்டியானாவில் மரச்சாமான் பாலிஷ் செய்யத் தொடங்கிய குடும்ப நிறுவனம். 2008-இல் 3எம் அதை வாங்கியது. வரலாறு இவ்வளவு போதும்.

காம்பவுண்ட்

450 மி.லி. பாட்டில். கெட்டியான க்ரீம். விரலில் எடுத்துத் தேய்த்தால் சொரசொரப்பே தெரியாது. பழைய டப்பா ரப்பிங் காம்பவுண்டுகளைத் தொட்டுப் பழகியவர்களுக்கு 'இது என்ன வெட்டப்போகிறது' என்று தோன்றும். வித்தியாசம் துகளில் இருக்கிறது. பழைய காம்பவுண்டில் துகள்கள் பெரிதும் சிறிதுமாகக் கலந்திருக்கும். ஆழமான கீறலை எடுக்கும்போதே அவை புதுக் கீறலையும் போட்டுவிடும். இதில் துகள்கள் மிக நுண்மை, அளவும் ஏறக்குறைய ஒன்றே. அதனால் வெட்டின பிறகும் பரப்பு ஓரளவு தெளிவாகவே நிற்கிறது. வெளிர் நிற வண்டிகளில் அடுத்த கட்டமே தேவைப்படாததற்குக் காரணம் இதுதான்.

இதே நிறுவனத்தின் தொழில்முறை வரிசையில் எம்105 இருக்கிறது. 1200 கிரிட் உப்புத்தாள் தேய்த்த தடத்தையே எடுக்கும் அளவுக்கு வெட்டு அதிகம். ஆனால் சீக்கிரம் காய்ந்து தூள் பறக்கும். நம் ஊர் வெக்கையில் ஒரு பகுதியை முடிப்பதற்குள் பேடுக்கு, அதாவது மெஷினில் மாட்டித் தேய்க்கும் மெத்தைக்கு, அடியில் மாவாகிவிடும். புதிதாகக் கற்றுக்கொள்பவர் கையில் அதைக் கொடுப்பது வீண் சோதனை. அல்டிமேட் காம்பவுண்டில் வெட்டு ஒரு படி குறைவு, ஆனால் ஈரம் நின்று வேலை செய்ய அவகாசம் தரும். வீட்டில் செய்பவருக்கு அந்த அவகாசம்தான் முக்கியம்.

பாட்டிலைத் திறக்கும் முன் ஒரு கணக்கு தெரிந்திருக்க வேண்டும். தொழிற்சாலையில் அடித்த பெயின்ட்டின் மொத்தத் தடிமன், இரும்புத் தகட்டுக்கு மேலே எல்லா அடுக்குகளும் சேர்ந்து, பெரும்பாலும் 100 முதல் 130 மைக்ரான். ஒரு ஜெராக்ஸ் தாளின் தடிமன் சுமார் 100 மைக்ரான். அதாவது வண்டியின் முழுப் பெயின்ட்டும் ஒரு தாள் கனம்தான். அதில் கிளியர் கோட் 35–50 மைக்ரான், அரைத் தாள்கூடச் சொல்ல முடியாது. காம்பவுண்டால் முழுதாக ஒரு முறை செய்தால் அதில் 1 முதல் 3 மைக்ரான் வரை போகும். பயப்படும் அளவல்ல. ஆனால் ஒவ்வொரு தீபாவளிக்கும் வண்டிக்கு 'ரப்பிங்' போடுகிறவர்கள் எதைத் தேய்த்துக் கரைக்கிறார்கள் என்பது இதிலிருந்து தெரியும். காம்பவுண்ட் மூன்று நான்கு வருடத்துக்கு ஒரு முறை போதும். இடையில் பாலிஷ், அல்லது வெறும் வேக்ஸ்.

நகத்தை மெதுவாகக் கீறலுக்குக் குறுக்கே இழுத்துப் பாருங்கள். நகம் சிக்கினால் அந்தக் கீறலை விட்டுவிடுங்கள். அதன் அடிவரை சீவ முயன்றால் கீறல் போகும், கிளியர் கோட்டும் கூடவே போகும். விளிம்பைக் கொஞ்சம் மழுக்கினாலே பாதி மறைந்துவிடும். அதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

மெஷின் இல்லாமல் முடியுமா?

பாட்டிலில் கையாலும் போடலாம் என்றுதான் இருக்கிறது. பொய்யில்லை, ஆனால் முழு உண்மையும் இல்லை. கதவுக் கைப்பிடிக்கு உள்ளே நகம் பட்டு விழும் பிறைக் கீறல்கள், யாரோ உரசிப்போன பம்பரில் ஒட்டிய அடுத்த வண்டிப் பெயின்ட், பக்கெட் உரசின தடம் – இவற்றுக்குக் கை போதும், சொல்லப்போனால் கைதான் சரி. ஃபோம் அப்ளிகேட்டரில் சிறிது எடுத்து, ஒரு சாண் சதுரத்துக்கு மேல் போகாமல், ஒன்று ஒன்றரை நிமிடம் அழுத்தித் தேய்க்க வேண்டும். முழு பானெட்டையும் கையால் செய்தால் அழுத்தம் ஒரே சீராக வராது. ஓரிடம் தெளிந்து ஓரிடம் தெளியாமல் திட்டுத் திட்டாக நிற்கும். தோள் வலிதான் மிச்சம்.

டி.ஏ. பாலிஷர், அதாவது சுழன்றுகொண்டே வட்டப்பாதையில் அலையும் மெஷின், இந்தப் பாட்டிலுக்குச் சரியான துணை. மெக்வயர்ஸின் எம்டி300, ரூபஸின் எல்எச்ஆர் வரிசை எல்லாம் நல்ல மெஷின்கள். அந்த விலை கட்டாது என்றால் 15 மி.மீ. அலைவு உள்ள எந்த மெஷினும், வேகம் கூட்டக் குறைக்க வசதி இருந்தால், வீட்டு வேலைக்குப் போதும். இரண்டை மட்டும் வாங்காதீர்கள். ஒன்று, பத்து அங்குலத் துணித் தொப்பி போட்ட 'வேக்ஸிங் மெஷின்': வேக்ஸைத் துடைக்க உதவும், கீறலை எடுக்கும் பலம் அதற்கு இல்லை. இரண்டாவது, ஆங்கிள் கிரைண்டரில் பேடை மாட்டும் ஐடியா. நான்கு அங்குல கிரைண்டர் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று ஓடும். ஓரிடத்தில் இரண்டு விநாடி நின்றால் கிளியர் கோட் எரிந்து பிரைமர் தெரியும்.

பாலிஷ் கடைகளில் பெரும்பாலும் அலையாமல் ஒரே அச்சில் சுழலும் ரோட்டரி மெஷினும் கம்பளி பேடும்தான். தேர்ந்த கை பிடித்தால் அதில் வேகமாக நல்ல வேலை வரும். அவசரத்தில் பிடித்தால், டெலிவரி எடுக்கும் அன்று கண்ணாடிபோல் இருக்கும் வண்டியில் இரண்டு வாரம் கழித்து, நான்கைந்து வாட்டர் வாஷ் போனதும், வெயிலில் கூந்தலை வாரினதுபோல் அலை அலையாகத் தடங்கள் எழும். இதை ஹோலோகிராம் என்பார்கள். முதல் நாள் தெரியாததற்குக் காரணம், கீறலை நிரப்பி மறைத்த எண்ணெய்ப் பசை. அது கழுவப்பட்டதும் உண்மை வெளியே வருகிறது. டி.ஏ. மெஷினில் இந்த அலைத்தடம் விழாது; அதன் குறை வேறு, அதைப் பாலிஷ் பகுதியில் சொல்கிறோம்.

முன்வேலை

இங்கே சோம்பல்பட்டால் பாட்டிலைக் குறைசொல்லிப் பயனில்லை. நிழலில், பானெட்டில் உள்ளங்கையை வைத்தால் சூடு உறைக்காத நேரத்தில் தொடங்குங்கள். இரண்டு பக்கெட்: ஒன்றில் ஷாம்பு, ஒன்றில் கையுறையை அலசும் சுத்தத் தண்ணீர். மேலிருந்து கீழே வாருங்கள். பம்பரும் கதவின் அடிப்பகுதியும் கடைசியில். போர்த் தண்ணியில் உப்பு அதிகம் உள்ள இடமென்றால் கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு கேன் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது சொட்டு காயவிடாமல் உடனே ஒற்றி எடுங்கள். ஏற்கெனவே படிந்த புது உப்புப் புள்ளிகளுக்கு வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து, துணியில் நனைத்து ஒரு நிமிடம் வைத்துக் கழுவினால் போதும். வினிகருக்கும் போகாத வெள்ளை வளையம் கிளியர் கோட்டுக்குள் இறங்கிவிட்டது என்று அர்த்தம். அது காம்பவுண்டின் பொறுப்பு.

கழுவின பிறகு ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு பானெட்டைத் தடவுங்கள். வெறும் கைக்கு வழவழப்பாகத் தெரிந்த இடம் இப்போது ரவை கொட்டினதுபோல் நெருடும். பிரேக்கிலிருந்து பறக்கும் இரும்புத் துகள், மரப்பிசின், பக்கத்துக் கட்டட வேலையில் பறந்த பெயின்ட் தூசி எல்லாம் அங்கே ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இதை எடுக்காமல் காம்பவுண்ட் போட்டால் அந்தத் துகள்கள் பேடில் ஏறி வண்டி முழுக்கக் கோடு போடும். ஒட்டிய துகளை இழுத்தெடுக்கும் களிமண் போன்ற கிளே பாரில் ஒரு எலுமிச்சை அளவு எடுத்து அப்பளமாகத் தட்டி, ஷாம்புத் தண்ணீரைத் தாராளமாகத் தெளித்து, இரண்டடிச் சதுரமாக நேர்கோட்டில் லேசாக நகர்த்துங்கள். கரகர சத்தம் நின்றால் அந்த இடம் முடிந்தது. கிளேயை அடிக்கடி மடித்துப் புதுப்பக்கம் வெளியே வரச்செய்ய வேண்டும். தரையில் விழுந்தால் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் தூக்கிப்போட்டுவிடுங்கள். அதில் ஏறின மணலைக் கையால் பொறுக்கி எடுக்க முடியாது.

பிறகு டேப். கறுப்பு பிளாஸ்டிக் பட்டை, ரப்பர் பீடிங், வைப்பர் அடி, லோகோ எல்லாவற்றையும் மாஸ்கிங் டேப் ஒட்டி மூடுங்கள். காம்பவுண்ட் சொரசொரப்பான கறுப்பு பிளாஸ்டிக்கில் பட்டால் வெள்ளையாகக் காய்ந்து பிடித்துக்கொள்ளும். பிரஷ்ஷால் சுரண்டி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். கதவு, பானெட் ஓரங்கள், உடம்பில் ஓடும் கூர்வரிகள் மேலும் ஒரு டேப் ஓட்டிவிடுங்கள். அங்கெல்லாம் பெயின்ட் மெலிசு, அழுத்தம் முழுவதும் அந்த ஒரு கோட்டில் விழும். பெயின்ட் எரிந்துபோன வண்டிகளில் முதலில் போவது பெரும்பாலும் இந்த விளிம்புதான்.

மெஷினில் ஓட்டும் விதம்

நேராக வண்டி முழுக்க இறங்காதீர்கள். பானெட்டில் ஒன்றரை அடிச் சதுரத்தை டேப்பால் கட்டி அங்கே சோதனை செய்யுங்கள். முதலில் மென்மையான பேடும் பாலிஷும். அதிலேயே கீறல் போய்விட்டால் காம்பவுண்டைத் திறக்கவே வேண்டாம். போகவில்லையென்றால் காம்பவுண்ட், நடுத்தர ஃபோம் பேடு. அதற்கும் அசையவில்லையென்றால்தான் மைக்ரோஃபைபர் பேடு. ஒரே நிறுவனத்தின் வண்டியில்கூட நிறத்துக்கு நிறம் பெயின்ட்டின் கடினம் மாறும். இன்னொருவர் வண்டியில் வேலை செய்த கூட்டணி உங்கள் வண்டியில் செய்யும் என்று நம்ப முடியாது.

ஐந்தரை அங்குல பேடுக்கு அளவு இது: புதுப் பேடு என்றால் முதல் முறை முகம் முழுக்க மெல்லியதாகத் தடவி ஊறவையுங்கள். அதன் பிறகு ஒவ்வொரு பகுதிக்கும் பட்டாணி அளவில் மூன்று நான்கு சொட்டு. ஒரு பகுதி என்பது 45 செ.மீ. சதுரம், அதற்கு மேல் வேண்டாம். மெஷினை ஆன் செய்யும் முன்பே பேடைப் பரப்பில் வைத்து நான்கு இடத்தில் ஒற்றுங்கள். அந்தரத்தில் ஆன் செய்தால் காம்பவுண்ட் சுவர், சட்டை, கண்ணாடி எல்லாவற்றிலும் தெறிக்கும். குறைந்த வேகத்தில் பரப்பிவிட்டு, ஆறு வரை எண் உள்ள மெஷினில் நாலரை அல்லது ஐந்துக்குக் கூட்டுங்கள். கை நகரும் வேகம் விநாடிக்கு ஒரு அங்குலம். நினைப்பதைவிட இது மிக மெதுவு. கிட்டத்தட்ட எல்லோரும் மூன்று மடங்கு வேகத்தில் ஓட்டிவிட்டு 'கீறல் போகலை' என்கிறார்கள். ஒவ்வொரு வரியும் முந்தைய வரியைப் பாதி மூட வேண்டும். இடம் வலமாக ஒரு முறை, மேல் கீழாக ஒரு முறை, இப்படி மொத்தம் நான்கு முதல் ஆறு முறை.

அழுத்தம் 5 முதல் 7 கிலோ. அது எவ்வளவு என்று கைக்குத் தெரிய, வீட்டு எடை மெஷின் மேல் பாலிஷரை வைத்து (ஆஃப் செய்தபடி) அழுத்திப் பாருங்கள். இன்னொன்று, பேடு மாட்டும் தட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவையுங்கள். ஓடும்போது அந்தக் கோடு சுற்றுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். கோடு ஒரே இடத்தில் நின்று நடுங்கினால் பேடு சுழலவில்லை, வெறுமனே அதிர்கிறது, வெட்டும் இல்லை. அழுத்தத்தைக் குறையுங்கள், பேடு பரப்பில் மட்டமாக உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள். வளைந்த ஃபெண்டரில் இது அடிக்கடி நடக்கும்.

எது கெட்டுப்போகும், ஏன் என்று பார்த்தால், முதல் குற்றவாளி அளவுக்கு மீறிய காம்பவுண்ட். 'கொஞ்சம் கூடப் போட்டால் சீக்கிரம் போகும்' என்ற நினைப்பு. நடப்பது தலைகீழ்: பேடு நனைந்து ஊறி, பரப்பின் மேல் வழுக்கிக்கொண்டு ஓடும், வெட்டாது. துடைக்கும்போது கோந்துபோல் இழுக்கும். அடுத்தது பேடைச் சுத்தம் செய்யாமலே ஓட்டுவது. சீவின பெயின்ட்டும் தீர்ந்த காம்பவுண்டும் பேடில் சேர்ந்து கட்டியாகிவிடும். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் நைலான் பிரஷ்ஷை முகத்தில் வைத்து ஐந்து விநாடி சுழலவிடுங்கள். இரண்டு பேனலுக்கு ஒரு முறை பேடையே மாற்றுங்கள். ஒரு ஹேட்ச்பேக்குக்குக் காம்பவுண்டுக்கு நான்கு பேடு, பாலிஷுக்கு இரண்டு என்று வைத்துக்கொண்டால் நிம்மதி. தூள் பறந்து பரப்பில் ஒட்டினால் பேனல் சூடாகிவிட்டது, அல்லது பேடு காய்ந்துவிட்டது. பேடில் ஒரே ஒரு தெளிப்பு தண்ணீர் அடித்து, பகுதியைச் சிறிதாக்கிப் பாருங்கள்.

பம்பரில் வேகத்தை ஒரு எண் குறையுங்கள். அடியில் பிளாஸ்டிக் என்பதால் சூட்டை இரும்புபோல் பரப்பிக் கடத்தாது, ஓரிடத்திலேயே தேங்கும். டிங்கரிங் முடித்துப் பெயின்ட் அடித்த பேனல்களில் தடிமன் எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம். பெயின்ட் கேஜ் ஒன்றை வாடகைக்காவது வாங்கி அளந்துவிட்டுத் தொடங்குங்கள். புதிதாக அடித்த பேனலுக்கு வேக்ஸ் போட 30 முதல் 90 நாள் பொறுக்கச் சொல்வது வழக்கம். உள்ளிருக்கும் தின்னர் ஆவியாக வேண்டும்.

பேடில் வண்டியின் நிறம் ஏறினால்? பழைய அம்பாசிடர், பத்மினி போன்ற வண்டிகளில் மேலே கிளியர் கோட் கிடையாது, நிறமே கடைசி அடுக்கு. அங்கே பேடு சிவப்பாவது இயல்பு. கிளியர் கோட் உள்ள இன்றைய வண்டியில் பேடில் நிறம் தெரிந்தால் அந்த நொடியே மெஷினை நிறுத்துங்கள். கிளியர் கோட் தீர்ந்துவிட்டது. அதை எந்தப் பாட்டிலாலும் திருப்பிக் கொடுக்க முடியாது, பெயின்ட் கடைதான் கதி.

செலவுக் கணக்கு: ஒரு ஹேட்ச்பேக்கில் 45 செ.மீ. சதுரங்கள் ஏறக்குறைய நாற்பது வரும். ஒன்றுக்கு 2 மி.லி. என்றால் 80 மி.லி. ஆக, ஒரு பாட்டிலில் ஐந்து வண்டி செய்யலாம். நேரம், துடைப்பதையும் சேர்த்துப் பகுதிக்கு மூன்று நிமிடம், மொத்தம் இரண்டு மணி நேரம். இது காம்பவுண்ட் கட்டத்துக்கு மட்டும். கழுவுதல், கிளே, டேப், பாலிஷ், வேக்ஸ் எல்லாம் சேர்த்தால் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை.

பாலிஷ்

காம்பவுண்ட் முடிந்ததும் 70 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால் ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு கலந்து தெளித்துத் துடைத்துவிட்டு, செல்போன் டார்ச்சை ஒரு அடி தூரத்தில் பிடித்துப் பாருங்கள். எண்ணெய்ப் பசை போனபிறகு தெரிவதுதான் உண்மையான நிலை. வெள்ளை வண்டியில் ஒன்றும் தெரியாது, வேக்ஸுக்குப் போகலாம். கறுப்பில், குறிப்பாக மென்மையான கிளியர் கோட்டில், பழைய கீறல்கள் போன இடத்தில் சாம்பல் பூத்ததுபோல் ஒரு மங்கல் நிற்கும். காம்பவுண்டும் பேடின் இழையும் சேர்ந்து போட்ட மிக நுண்ணிய தடம் அது. டி.ஏ. மெஷினின் குறை என்று முன்பே சொன்னது இதைத்தான். மைக்ரோஃபைபர் பேடு பயன்படுத்தினால் இது இன்னும் கூடும்.

அல்டிமேட் பாலிஷ் இந்த மங்கலுக்காகவே. மென்மையான ஃபோம் பேடு, மூன்று சொட்டு, வேகம் நான்கு, மெஷினின் எடைக்கு மேல் சிறிதளவே அழுத்தம், மூன்று நான்கு முறை. கறுப்பு வண்டியில் இந்தக் கட்டத்தில்தான் 'ஆழம்' வரும்: மரக்கிளையின் நிழல் பானெட்டில் விளிம்பு கலங்காமல் தெரியும். குறை ஒன்று உண்டு. இதில் எண்ணெய்ப் பசை கணிசம். தெரியாத கீறலையும் தற்காலிகமாக மூடிக்காட்டும். ஆல்கஹால் துடைப்பு இல்லாமல் 'முடிந்தது' என்று முடிவுகட்டாதீர்கள். கையால் போட்டாலும் ஓரளவு பளபளப்பு தெரியும், ஆனால் அதில் பாதி அந்தப் பசையின் வேலை.

வேக்ஸ்

473 மி.லி. பாட்டில். பெயரில் வேக்ஸ் என்று இருந்தாலும் இது செயற்கைப் பாலிமர் வகை. மரபான கார்னோபா வேக்ஸ் பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனைவகையின் ஓலையிலிருந்து எடுப்பது. நம் பனையோலையில் விரல் வைத்தால் வெள்ளையாக ஒட்டுமே, அந்த மாதிரிப் படலம்தான். கார்னோபாவுக்கு ஒரு கதகதப்பான மினுக்கம் உண்டு என்று ரசிகர்கள் சொல்வார்கள். சரியாகப் பாலிஷ் செய்த பரப்பில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வித்தியாசம் கண்டுபிடிப்பது அநேகமாக முடியாது என்பது நம் கட்சி.

போடும் முறை எளிது. ஃபோம் அப்ளிகேட்டரில் நாலணா அகலத்துக்கு ஊற்றி ஒரு பேனல் முழுக்க இழுங்கள். பரப்பில் மூடுபனி படர்ந்த அளவுதான் தெரிய வேண்டும். வெள்ளை வெள்ளையாகத் தடித்துத் தெரிந்தால் அது வீண். அந்தப் படலம் பெயின்ட்டோடு ஒட்டும் அளவுக்கு மேல் உள்ளதெல்லாம் துணியில்தான் வரப்போகிறது. ஐந்து பத்து நிமிடம் கழித்து விரலால் ஒரு கோடு இழுங்கள். தடம் பளிச்சென்று சுத்தமாக விழுந்தால் துடைக்கலாம், இழுபட்டுக் கலங்கினால் இன்னும் காயவில்லை. ஒரு ஹேட்ச்பேக்குக்கு 25, 30 மி.லி. தாண்டாது. மறுநாள் இரண்டாவது பூச்சு, முதல் பூச்சில் விட்டுப்போன இடங்களுக்காக. மூன்றாவது வேண்டாம்.

இந்த வேக்ஸுக்கு ஒரு பெரிய பலம்: கறுப்பு பிளாஸ்டிக்கில் பட்டாலும் வெள்ளையாகப் பிடிக்காது. டேப்பை எடுத்துவிட்டே போடலாம். நிழல் கிடைக்காத அபார்ட்மென்ட்வாசிகளுக்கு இன்னொரு வசதி, பேனல் சற்று சூடாக இருந்தாலும் துடைக்க அடம்பிடிக்காது.

ஆயுளில் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். தெருவில் நிற்கும் வண்டி, வாரம் ஒரு முறை உப்புத் தண்ணீர்க் குளியல், சென்னை வெயில் என்றால் ஆறு முதல் எட்டு வாரத்தில் தண்ணீர் முத்து முத்தாக உருளுவது நின்று தட்டையாகப் பரவத் தொடங்கும். கூரைக்குக் கீழ் நிற்கும் வண்டி அதைவிட ஒரு மாதம் கூடத் தாங்கலாம். ஆயுள்தான் முதல் தேவை என்றால் காலினைட் 845 இன்சுலேட்டர் வேக்ஸ் அதிக நாள் தாக்குப்பிடிக்கும். மின்கம்பி இன்சுலேட்டர்களுக்காக உருவானது என்பதால்தான் அந்தப் பெயர். நன்றாகக் குலுக்கி, மிக மெல்லியதாக, ஒவ்வொரு பேனலாகப் போட்டு உடனுக்குடன் துடைக்க வேண்டும். தடித்துப்போட்டுக் காயவிட்டால் துடைக்கக் கை ஒடியும். கறுப்பு பிளாஸ்டிக்கில் வெள்ளையாகவும் பிடிக்கும். சுலபமா, ஆயுளா என்பதை நீங்களே முடிவுசெய்யுங்கள்.

ஷோரூமில் புது வண்டிக்கு 'டெஃப்லான் கோட்டிங்' என்று ஆயிரக்கணக்கில் பில் போடுவது இன்னும் நிற்கவில்லை. டெஃப்லான் 327 டிகிரி செல்சியஸில் உருகும் பொருள். தோசைக்கல்லில் அதைப் பிடிக்கவைக்க அந்த அளவு சூடு கொடுக்கிறார்கள். வண்டிப் பெயின்ட்டுக்கு அந்தச் சூட்டைக் கொடுத்தால் பெயின்ட்டே இருக்காது. பஃப்பிங் துணியால் தேய்த்தால் அது எதில் ஒட்டும்? பெரும்பாலும் கிடைப்பது ஒரு சாதாரண பாலிமர் பூச்சு, இந்த பாட்டிலில் ஒரு மூடி செய்யும் வேலை.

காக்கா எச்சத்துக்கு வேக்ஸ் கவசம் என்று நம்பி நாள்கணக்கில் விட்டுவைக்காதீர்கள். வெயிலில் கிளியர் கோட் இளகி விரியும், எச்சம் காய்ந்து இறுகும், இரவில் பெயின்ட் சுருங்கும்போது அந்த இடம் மட்டும் எச்சத்தின் வடிவத்துக்கே அமைந்துவிடும். வேக்ஸ் தருவது சில மணி நேர அவகாசம். ஈரத் துணியை மேலே போட்டு ஐந்து நிமிடம் ஊறவைத்துத் தூக்கி எடுங்கள். உலர்ந்ததைத் தேய்த்தால் அதில் உள்ள மணலே உப்புத்தாள்.

ஸ்வர்ல் மார்க் திரும்ப வருவதற்கு மூலகாரணம் பெரும்பாலும் காலை ஆறு மணிக்கு வரும் கார் துடைப்பவரின் பக்கெட். ஒரே பக்கெட், ஒரே பனியன் துணி, பதினைந்து வண்டி. பாவம், அவர் மேல் தப்பில்லை, கொடுக்கிற சம்பளத்துக்கு அவ்வளவுதான் முடியும். "அண்ணே, கண்ணாடியும் உள்பக்கமும் மட்டும் பாருங்க, பாடியைத் தொட வேண்டாம், சம்பளம் அதேதான்" என்று சொல்லிப் பாருங்கள். இரண்டு பேருக்கும் நல்லது. துடைக்கும் மைக்ரோஃபைபர் துணிகளில் 350 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 350 கிராம் கனம்) அளவில் எட்டுப் பத்து வேண்டும். தனியாகத் துவைத்து, கம்ஃபர்ட் போடாமல் காயப்போடுங்கள். அந்த வாசனைத் திரவம் இழைகளை மெழுகி, துணி உறிஞ்சாமல் கோடு விடும். பேடுகளைப் பாத்திரம் கழுவும் சோப்பில் அன்றைக்கே அலசிவிடுங்கள். காம்பவுண்ட் காய்ந்து பேடுக்குள் இறுகினால் அடுத்த முறை அதுவே கீறல் போடும்.

மிச்சமிருக்கும் பாட்டில்களை டிக்கியில் வைத்து வெயிலில் வேகவிடாமல் வீட்டுக்குள் நிழலில் வையுங்கள். நாளானால் காம்பவுண்டில் எண்ணெய் மேலே தனியாகப் பிரியும். குலுக்கினால் கலந்துவிட்டால் கவலையில்லை. குலுக்கியும் அடியில் கட்டி கரையாமல், விரலுக்கு மணலாக நெருடினால் அந்த மிச்சத்தைப் பெயின்ட்டில் வைக்காதீர்கள். மஞ்சளடித்த ஹெட்லைட்டில் தேய்க்க அது போதும்.